ஒரு கட்டை ஏறிப்போன ஜப்பான்

ஜப்பான் ராக் இசைக்காக ராயபுரத்தில் தொண்டை கிழியச் சண்டை போட்டவர்கள் மூன்று பேர். நான், என் அண்ணன், எதிர்வீட்டு பாய். பாய் சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவர். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கேபினில் கூட இருந்த ஒருவனின் ஜப்பான் சிடிகளைக் கப்பல் டேப்ரிக்கார்டரில் பதிந்து நான்கு கேசட் கொண்டுவந்தார்.

"பாட்டு கம்மி, வாசிப்பு ஜாஸ்தி. உனக்கோசரம்தான் எட்தாந்தேன் நைனா" என்று அண்ணன் கையில் திணித்தார்.

அண்ணன் பகலில் திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். கல்யாண நாட்களில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. அந்தக் கேசட்டுகளில் கிடார்காரன் ஓரமாக நிற்க, கீபோர்டுதான் எஜமான். ஒரு பாட்டு பத்து நிமிஷம் போகும், பன்னிரண்டும் போகும். எங்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. அட்டையில் பெயர் எதுவும் இல்லாததால் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஸ்டிக்கர் ஒட்டி நாங்களே குழுக்களுக்குப் பெயர் வைத்தோம்.

முதல் வாரத்திலேயே கட்சி பிரிந்துவிட்டது. பாய் பச்சைக் கட்சி. பச்சையில் ஆர்கன் நிதானமாக வரும். "மன்சுக்கு எதமா கீது. உங்க சிவப்பு இன்னா, நாய் தொரத்தறா மாதிரி ஓடிகினே கீது" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பச்சை தூங்குமூஞ்சி, நீலம் யாரையோ பார்த்துக் காப்பியடித்தது, மஞ்சளில் பாடுகிறவனே தேவையில்லை. உலகத்திலேயே உருப்படியான குழு சிவப்புதான் என்று அடித்துச் சொல்வேன். அதில் பள்ளிக்கூடத்துச் சிறுமி மாதிரி ஒரு குரல் கீச்சென்று பாடும். அவள் நிறுத்தியதும் கீபோர்டு பாயும் பாருங்கள், அதைக் கேட்டால் உட்கார முடியாது. குழம்பு கொதிப்பதை விட்டுவிட்டு எழுந்து வந்து நிற்பேன்.

அந்தச் சிவப்பின் மூன்றாவது பாட்டை அண்ணன் வாசிக்க ஆரம்பித்தான். எங்கள் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பாடகர் குரலுக்கு ஏற்ப சுருதியை ஏற்ற இறக்க கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை ஒரு கட்டை ஏற்றி வைத்தால்தான் கேசட்டோடு விரல் சுலபமாக விழுந்தது. நான்கு கேசட்டுக்கும் அப்படித்தான். அண்ணன் யோசித்துவிட்டு, "ஜப்பான்காரங்க சுருதியே ஒரு கட்டை ஏத்தம்மே" என்றான். நாங்கள் தலையாட்டினோம். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுகிறதே, சுருதி மாறாதா என்றுகூட நான் விளக்கம் கொடுத்தேன்.

எட்டு மாதம் வாசித்தான். நான் சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே கணக்குவாத்தியார் மாதிரி நின்று தவறுகளை எண்ணினேன். "ஏழு எடத்துல தட்க்குனே. அந்தாளுக்கும் பத்து வெரல்தான், உனக்கும் பத்து வெரல்தான்" என்று குத்திக் காட்டினேன். தங்கச்சிதான், ஆனால் என் வாய் அப்படி. ஏழு ஐந்தாகி, மூன்றாகி, மூன்றிலேயே நின்றது. மார்கழியில் கல்யாணம் இல்லை, கச்சேரியும் இல்லை. அண்ணன் ஒரு நாள் கீபோர்டைப் பெட்டியில் வைத்து மூடினான்.

"எனக்கு வெரல் இல்லமே. சும்மா இத்தினி வர்சம் டகுலு வுட்டுகினு இருந்தேன்" என்றான். குழுவிலிருந்து விலகிக்கொள்வதாகத் தலைவரிடம் சொல்லியும் விட்டான். ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்து குழுவின் கீபோர்டைத் திரும்ப எடுத்துப் போவதாகப் பேச்சு. மறுபடி லீவில் வந்திருந்த பாய் கெஞ்சிப் பார்த்தார். அண்ணன் மசியவில்லை. நான் மட்டும் குழம்பைக் கிண்டப் போய்விட்டேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். சனிக்கிழமை அரை நாள். திரும்பும் வழியில் கல்மண்டபத்து பிரவுசிங் சென்டரில் உட்காருவேன். அங்கேதான் இந்த மாதிரி இசைக்கென்று ஒரு ரசிகர் மன்றத்தைக் கண்டுபிடித்திருந்தேன். உலகம் முழுக்க எங்களைப் போலவே பைத்தியங்கள் இருந்தார்கள்! அவர்களும் கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள். முந்தைய வாரம், எனக்குத் தெரிந்த ஆபீஸ் இங்கிலீஷில் சிவப்பைப் பற்றி நீளமாக எழுதியிருந்தேன். மணிச் சத்தத்தில் தொடங்கும், சிறுமி பாடுவாள், சுருதி ஒரு கட்டை ஏத்தம், பத்தரை நிமிஷம், இதைவிட வேகமாக வாசிக்கும் மனிதன் பூமியில் இல்லை.

தலைவர் வருவதாக இருந்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை பதில் வந்திருந்தது. பிரேசிலில் ஒருவர் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். குழுவின் பெயர், வந்த வருஷம், எல்லாம் தந்திருந்தார். கடைசியில் மரியாதையாக ஒன்று சொல்லியிருந்தார். அந்தப் பாட்டு பத்தரை நிமிஷம் இல்லை, பதினொன்றே முக்கால். பாடுவது சிறுமி இல்லை, நல்ல கனத்த குரலுள்ள பெண். உங்கள் கேசட் வேகமாக ஓடுகிறது.

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் டேப்ரிக்கார்டரில் சினிமாப் பாட்டெல்லாம் ஒழுங்காகத்தானே ஓடுகிறது என்று நாலு வரி காரசாரமாக அடித்தேன். ஐந்தாவது வரியில் கை நின்றுவிட்டது. எங்களுடையது சரிதான். கப்பலில் இருந்தது? அது மெதுவாகச் சுற்றியிருந்தால், அதில் பதிந்ததெல்லாம் எங்கள் வீட்டில் வேகமாகத்தான் கேட்கும். சுருதியும் ஏறித்தான் கேட்கும். ஜப்பான்காரன் சுருதியாம்! தண்ணீராம்! அப்படியானால் எட்டு மாதமாக என் அண்ணன் துரத்திக்கொண்டிருந்தது எந்த மனிதனும் வாசிக்காத வேகத்தை.

அடித்ததை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினேன். செருப்பு வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். வீட்டில் நான் மூச்சிரைக்கச் சொன்னதை அண்ணன் நம்பவில்லை. ஆனாலும் டேப்ரிக்கார்டரைத் திறந்து, மோட்டார் பின்னாலிருந்த சின்ன ஸ்க்ரூவை மெல்லத் திருப்பினான். சிறுமியின் குரல் கனத்துக்கொண்டே வந்து ஒரு பெரிய பெண்ணானது. கடிகாரத்தில் பாட்டு பதினொன்றே முக்கால் நிமிஷம் ஆகும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பிறகு கீபோர்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, சுருதிப் பொத்தானைப் பழைய இடத்தில் வைத்து வாசித்தான்.

ஒரு தவறுகூட இல்லை. நடுவில் மூக்கைச் சொறிந்துகொள்ளக்கூட அவனுக்கு நேரம் இருந்தது. பாய் வாசலில் நின்று, "இன்னாம்மா, உன் சிவப்பும் தூங்குதே!" என்று கத்தினார். நான் குதித்தேன். அண்ணன் சிரிக்கிறான் என்று பார்த்தால் அழுதுகொண்டிருந்தான்.

"மன்ச்சுக்கோண்ணா" என்றேன். அவனிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூவைப் பழையபடி திருப்பினான். "மூணு எடம்தானே பாக்கி? நின்னு எண்ணு" என்றான்.

ஞாயிறு காலை தலைவர் ஆட்டோவோடு வந்தார். அண்ணன் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கேசட் இல்லாமலே அந்தப் பாட்டை எங்கள் வேகத்தில் ஆரம்பித்தான். நான் கடிகாரத்தின் கீழ் நின்றேன். முதல் இடம் தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதில் நான் கண்ணை மூடிக்கொண்டேன், விரல் சத்தம் மட்டும் நிற்காமல் ஓடியது. முடித்தபோது பத்தரை நிமிஷத்துக்கு நாலு விநாடி குறைவாக இருந்தது. தலைவர் எழுந்து வாசலுக்குப் போய், "நீ போப்பா, ஏத்தறதுக்கு ஒண்ணுமில்ல" என்று ஆட்டோவை அனுப்பினார்.