வெங்காயம் வாங்கப் போன சனிக்கிழமை

சனிக்கிழமை பகல் கடையைப் பூட்டிய பிறகு, கண்டிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தேநீர்க் கடையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து நாட்டைத் திட்டுவோம். வாரம் முழுக்க வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்து வலியெடுத்த வாய்க்கு அதுதான் ஒத்தடம். நான் பள்ளிக்கூடக் கொப்பி, பேனை விற்பவன். இன்னொருவர் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன். மூன்றாமவர் கண்டியிலேயே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்து மாஸ்டர், பென்ஷன்காரர்.

அன்றும் எல்லாம் வழக்கப்படியே நடந்தது. மின்சாரக் கட்டணத்தை மாஸ்டர் தொடங்கிவைத்தார். நானாவுக்குப் புதிய வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. "குழாய எடுத்துப் பாக்குறாங்க, போட்டோ புடிக்கிறாங்க, ஊட்டுக்குப் போய் போன்ல ஓடர் பண்றாங்க. என்ட கடை என்ன, மியூசியமா?"

அப்போது அவருடைய போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. யாரோ ஒருவர் மூச்சிரைக்கச் சொன்னார்: நாளை விடிந்தால் பெட்ரோல் இல்லை, கப்பல் திரும்பிப் போய்விட்டது, தெரிந்தவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள்.

நான்தான் முதலில் சிரித்தேன். "கப்பல் என்னா மாஸ்டர், டவுன் பஸ்ஸா? ஹோல்ட்ல ஆள் இல்லேன்னு திரும்பிப் போக?"

"உது சுத்தப் பொய்" என்றார் மாஸ்டர்.

"பேய்க்கதை" என்றார் நானா.

மேசையில் வடை இருந்தும் யாரும் கை வைக்கவில்லை. சற்றுப் பொறுத்து, கடையைச் சரியாகப் பூட்டினோமா என்று சந்தேகமாக இருப்பதாகச் சொல்லி நானா எழுந்தார். அவர் தலை மறைந்ததும், வீட்டில் வெங்காயம் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

"ஓம், ஓம், போங்கோ" என்றார் மாஸ்டர். அவரிடம் வாகனம் இல்லை. அந்த நிம்மதியோடு என் வடையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எனக்கிருந்த பயத்துக்குக் காரணம் உண்டு. மறுநாள் மடுல்கெல்லயில் என் கொழுந்தியா மகளுக்கு நிச்சயதார்த்தம். பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருஷம், இதே மாதிரி ஒரு விசேஷத்துக்குப் போகும்போது வத்தேகம தாண்டி, ஏற்றத்தில் என் கார் மூச்சை விட்டது. பட்டுப் புடவையும் சீர்த்தட்டுமாக என் மனைவி மலையேறினாள். அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த முறை முன்கூட்டியே பேசிவிட்டாள்: "இன்னொரு தடவ நடக்க வச்சீங்க, நான் தங்கச்சி வீட்டுலயே இருந்துக்குவேன். நீங்க சமைச்சுச் சாப்புட்டுக்குங்க."

பேராதனை வீதியில் பெட்ரோல் ஷெட் கண்ணுக்குத் தெரியுமுன்பே வரிசை தெரிந்தது. எங்களுக்கெல்லாம் அந்த வருஷம் கற்றுக்கொடுத்த பழக்கம் ஒன்று உண்டு: வரிசையைக் கண்டால் முதலில் நிற்க வேண்டும், எதற்கு என்று பிறகு கேட்கலாம். நின்றேன். முன்னால் இருந்த ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"பெட்ரோலுக்கா அண்ணே?"

"தெரியலைங்க. நின்னாங்க, நானும் நின்னுட்டேன்."

வரிசை அசையவே இல்லை. காரை விட்டிறங்கி, வாகனங்களை ஒவ்வொன்றாகக் கடந்து அதன் தலையைத் தேடிப் போனேன். ஷெட் வாசலுக்குச் சற்று முன்னால், ஓரமாக நின்ற வேனுக்குள், போனைக் காதில் வைத்தபடி நானா உட்கார்ந்திருந்தார்.

"கடை பூட்டியிருக்கா நானா?"

"வெங்காயம் கெடச்சிச்சா மச்சான்?"

உள்ளே போக அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. யாராவது பார்த்தால் போன் பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று ஓரமாக நிறுத்தியிருக்கிறார். அதைப் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் நிற்க, அதன் பின்னால் ஊரே நின்றுவிட்டது.

"அப்ப உள்ளுக்குப் போறது தானே?"

"போகத்தான் பாத்தன். கண்ணாடில பாத்தா பின்னால இவ்வளவு சனம். அல்லாஹ்வே, அப்ப செய்தி உண்மதான்டு பயந்துட்டன்."

ஷெட்டுக்குள் பெட்ரோல் அடிக்கும் பையன்கள் இருவர் வேலையில்லாமல் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானா வேனை உள்ளே விட்டதும் வரிசை நகர்ந்தது; ஓடிப்போய்க் காரை எடுத்தேன், என் முறையும் வந்தது. குழாயை வைத்தவுடனேயே டக்கென்று நின்றது. "ஏற்கனவே நெறைய இருக்கே மாத்தயா" என்றான் ஒருவன். இருக்காதா பின்னே? வியாழக்கிழமை இன்னொரு வதந்தியை நம்பி அடித்திருந்தேன்.

ஞாயிறு காலை மனைவி பட்டுடுத்தி, தட்டோடு வந்து நின்றாள். டேங்க் நிரம்பி இருந்தது. அதைப் பார்ப்பதிலேயே ஒரு நிறைவு. அதைக் கலைக்க மனம் வரவில்லை.

"ஏம்மா, பஸ்ஸுல போயிருவோமா? இருக்கிற பெட்ரோல் அப்புடியே இருக்கட்டும். நாளைக்கி ஒரு அவசரம்னா..."

அவள் தட்டைப் பின் சீட்டில் வைத்தாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். "எடுங்க."

எடுத்தேன். வத்தேகம தாண்டினோம். பெட்ரோல் முள் மட்டும் ஒரு மயிரிழை இறங்கியதுபோல் தெரிந்தது. அடுத்த இறக்கத்தில் கியரை விடுவித்து, சத்தமில்லாமல் என்ஜினையும் அணைத்தேன். காற்றின் ஓசை மட்டும் கேட்டது. சில்லறைச் சிக்கனம்தான், ஆனால் என்ன ஒரு சுகம்.

"என்ஜினப் போடுங்க."

போட்டேன்.

"முள்ளப் பாக்காதீங்க. ரோட்டப் பாருங்க."

ரோட்டைப் பார்த்தேன். எதிரே ஒரு வளைவில் வாகனங்கள் வரிசையாக நின்றன. என் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது.