வளைகாப்பில் பேசிய ஸ்பீக்கர்

கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகும் எனக்குப் பெரிய ஸ்பீக்கர் ஒத்துவராது. அதனால் ஒரு கையில் தூக்கக்கூடிய பேட்டரி ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கினேன். அதில் புளூடூத்தும் இருந்தது.

முதல் நிகழ்ச்சி வாடிப்பட்டியில் ஒரு வளைகாப்பு. ஆரம்பிக்கும் முன் வளைகாப்புப் பெண்ணின் கணவர் தன் போனை ஸ்பீக்கரோடு இணைத்து ஒரு பாட்டுப் போட்டுப் பார்த்தார். இணைப்பைத் துண்டிக்க இருவருமே மறந்துவிட்டோம்.

சடங்கின் நடுவே நான் தாலாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கீபோர்டின் சத்தம் நின்று, ஸ்பீக்கரில் ஓர் ஆண்குரல் கணீரென்று கேட்டது.

"மாப்ள, ராத்திரியெல்லாம் ஏன்டா அழுற? பிரசவம் தங்கச்சிக்குத்தான், ஒனக்கில்ல. ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு."

வாசலோரம் நின்று நண்பர் அனுப்பிய குரல்பதிவைக் கேட்க முயன்ற கணவர், போனில் சத்தம் வரவில்லையென்று அதை உலுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்துகிறேன் என்று நான் ஸ்பீக்கரின் குமிழைத் திருகியதில் சத்தம்தான் கூடியது.

"கல்லு மாதிரி மனுசன்னுல்ல இம்புட்டு நாளா நெனச்சேன்," என்றார் அவருடைய மாமியார்.

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்க வாங்க," என்று அவரை அழைத்து, அவர் கையிலும் ஒரு வளையலை நுழைத்தாள். அது விரல்முட்டியைத் தாண்டவில்லை.

மறுபடியும் வாசித்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. ஒரு கலைஞிக்கு வரவேண்டிய வருத்தம் எனக்கு அன்று வரவேயில்லை.