ஃப்ரீசர் ரூமுக்குள் மாட்டிக்கொண்ட மெக்கானிக்

ஃப்ரீசர் ரூம் பழுது பார்ப்பது என் தொழில். ஆள் உள்ளே போய் நடமாடும் அளவு பெரிய குளிர் அறைகள். ஐஸ்கிரீம், கோழி, மீன் என்று கோயமுத்தூரைச் சுற்றி எதையெதையோ இந்த அறைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் இளகத் தொடங்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். வீடு போத்தனூரில். இருபது வருடமாக இதே வேலை என்பதை, கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன். பீளமேட்டில் ஒரு விடுதியின் ஃப்ரீசரை வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டே கோளாறைச் சொன்ன கதையை என் மனைவி எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று கணக்கில்லை. அன்று சத்தமே வரவில்லை, ப்ளக் கழன்றிருந்தது என்ற பகுதியை மட்டும் நான் சொல்வதில்லை.

கிணத்துக்கடவில் ஒரு தேங்காய்த் துருவல் கம்பெனி இருக்கிறது. தேங்காயைத் துருவிப் பொட்டலம் போட்டு, உறைய வைத்து அனுப்புகிறார்கள். நடத்துகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவரிடம் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். சென்ற கோடையில் ஒருநாள் அக்கா போன் செய்தார். மைனஸ் பதினெட்டில் நிற்க வேண்டிய அறை மைனஸ் ஏழைத் தாண்டி இறங்க மறுக்கிறது என்றார்.

போய்ப் பார்த்தேன். உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயில் என்ற குழாய்ச் சுருளில் முழுக்கப் பனி மூடி, வெள்ளைச் சுவர் போல இருந்தது. அதற்குப் பின்னால் ஃபேன் சுற்றியும் பயனில்லை. இப்படிச் சேரும் பனியை அவ்வப்போது உருக்க காயிலுக்குள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. அது போய்விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னேன். மீட்டர் வைத்துச் சோதித்திருக்கலாம். ஆனால் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பார்த்தவுடன் சொல்வதில் ஒரு கெத்து இருக்கிறது. புது ஹீட்டர் போட்டேன், பனியை உருக்கினேன், இரண்டு நாளில் மைனஸ் பதினெட்டு வந்தது. கழற்றிய பழைய ஹீட்டரை வீட்டில் சோதித்தபோது அது நன்றாகவே சூடானது. அதை அட்டைப்பெட்டிக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

பத்து நாளில் மறுபடி போன். மறுபடி வெள்ளைச் சுவர். இந்த முறை டைமர் என்றேன். ஹீட்டரை எப்போது போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் சின்னப் பெட்டி அது. அதையும் மாற்றினேன். அடுத்த பத்து நாளில் மூன்றாவது போன் வந்தது. அக்கா கோபப்படவில்லை. "ஏனுங் தம்பி, உங்களுக்குச் சிரமம் குடுக்கறனுங்களா?" என்றுதான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாற்றுவதற்கு இனி பாகம் இல்லாததால் மனிதர்கள் மீது பழியைப் போட்டேன். கதவுக்கு மேலே, கூரையின் உட்பக்கத்தில் பனி பூ மாதிரி படர்ந்திருந்தது. அதைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, ஆறு பெண்களையும் வரிசையாக நிற்க வைத்துப் பேசினேன். நீங்கள் கதவை அடிக்கடி திறக்கிறீர்கள், வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய்ப் பனியாகிறது, பல்பு எரிந்தால் அதுவும் சூடு என்று விளக்கினேன். ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவருகே ஒட்டினேன். திறந்த கதவை உடனே மூடவும். கதவு மூடியிருந்தால் விளக்கை அணைக்கவும். விளக்கின் சுவிட்ச் வெளியே, அந்தத் தாளுக்குக் கீழேயே இருந்தது.

அவர்களில் நெட்டையான ஒரு பெண், கதவை ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்கு மேல் திறப்பதில்லை, கோளாறு வருவதற்கு முன்பும் அதே எட்டுத்தான் என்று சொல்லிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். தெரிந்தவன் தெரியாதவர்களைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி.

அடுத்த வாரம், காயில் எப்படி இருக்கிறது என்று பார்க்க நானாகவே போனேன். மதியம் பன்னிரண்டரை இருக்கும். கதவின் உட்பக்கத்தில் ஒரு குமிழ் உண்டு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அதைத் தள்ளினால் போதும், தாழ் விலகிக் கதவு திறக்கும். அது இறுகிப்போயிருந்தது. ஆபத்தான விஷயம், இதை அப்படியே விடக்கூடாது என்று அக்காவிடம் ஒரு சிறு உரை ஆற்றிவிட்டு, குமிழைக் கம்பியோடு கழற்றி வெளியே மேசையில் வைத்தேன். கிரீஸ் போட வேண்டும். அதற்குள் ஒரே ஒரு நிமிடம் காயிலை எட்டிப் பார்த்துவிடலாம் என்று உள்ளே போனேன். குளிர்க்கோட்டு பைக்கில் இருந்தது. ஒரு நிமிடத்துக்கு எதற்குக் கோட்டு?

எனக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. அப்படித்தான் அது மூடும்.

முதலில் நான் கவனிக்கவே இல்லை. காயிலின் ஓரத்தில் பனி மறுபடி கட்டத் தொடங்கியிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது விளக்கு அணைந்தது. யாரோ தாளில் எழுதியிருந்தபடி சரியாக நடந்துகொண்டு சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

தட்டுத் தடுமாறிக் கதவுக்கு வந்து குமிழைத் தேடினேன். விரல் ஓர் ஓட்டைக்குள் போனது. குமிழ் வெளியே மேசையில் இருந்தது. கதவைக் குத்தினேன், உதைத்தேன். அரையடிப் பருமன் கதவு அது. குளிரோடு சத்தமும் வெளியே போகாதபடி உள்ளே என்னென்ன அடைத்திருக்கிறார்கள் என்பது மற்ற எல்லோரையும் விட எனக்கு நன்றாகத் தெரியும். போனை எடுத்தேன். நாலு பக்கமும் தகரம், டவர் இல்லை. நாலு சதவீத சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த போன், குளிர் பட்டதும் செத்துப்போனது.

வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நான் பல கம்பெனிகளில் வகுப்பு எடுத்திருக்கிறேன். பதறக்கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பேன். நான் பதறினேன். ஒரே இடத்தில் நின்றேன். அரைக்கைச் சட்டைக்குள் கைகளை இழுத்துக்கொண்டு, ஊரில் இருக்கிற சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். காலையில் மனைவி, இட்லி ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னபோது அவள் மீது எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. அழுகை வருமோ என்று பயமாக இருந்தது.

அண்ணாந்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது. கதவின் மேல் மூலையில், கீல் இருக்கும் பக்கம், ஒரு முழ நீளத்துக்கு நூல் மாதிரி வெளிச்சம். பட்டப்பகல் வெயில் வெளியே ஷெட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு இழை உள்ளே வந்துகொண்டிருந்தது.

மேல் கீலின் திருகுகள் தளர்ந்து, கதவு தலைப்பக்கம் வெளியே சாய்ந்திருக்கிறது. மூடியிருந்தாலும் மூலையில் இடைவெளி. இராப்பகலாக அதன் வழியாக ஈரக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான் துடைப்பத்தால் தட்டிவிட்ட பனிப்பூ சரியாக அதற்கு நேர் மேலே பூத்திருந்தது. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். ஐந்து நிமிடம் குளிரில் நிற்க வேண்டும் என்பதால் நான் அதைச் செய்வதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. மேலும் நான் ஐந்தடி இரண்டு அங்குலம். மேல் மூலை என் பார்வையில் படுகிற இடமில்லை.

கதவு திறந்தபோது வாசலில் அந்த நெட்டைப் பெண் நின்றார். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு. இன்னொரு கையில் என் குமிழ்.

"ஏனுங்ணா, இது மேசையில கெடந்துச்சுங். உள்ள போனவரு எப்படி வெளிய வருவாருன்னு நெனச்சேனுங்."

பற்கள் தாளம் போட்டுக்கொண்டிருக்க, "லீக் இருக்குதான்னு பாத்துட்டிருந்தேனுங்க. கண்டுபுடிச்சுட்டேன்" என்றேன். பொய்யில்லைதான். அவர் என் நீல உதடுகளைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். தூக்கிலிருந்து சூடான ரசத்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். நான் உள்ளே அரை மணி நேரமாவது இருந்திருப்பேன் என்று நினைத்தேன். பன்னிரண்டு நிமிடம் என்றார்கள்.

கீலை இறுக்கி, கதவை நேராக்கி, கதவோரத்தில் நசுங்கிப்போன ரப்பர் பட்டையை மாற்ற மாலை ஆகிவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் செய்தேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெண்தான். குமிழை முதலில் மாட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட்டேன். கிளம்பும் முன் நான் ஒட்டிய தாளைக் கிழித்தேன். ஆறு பேரிடமும், தப்பு கதவில்தான், உங்கள் மீது இல்லை என்று சொன்னேன். சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அவர்கள், பரவாயில்லை விடுங்கள் என்று சொல்லிவிட்டுத் துருவலுக்குத் திரும்பினார்கள். எனக்குத்தான் அந்த மன்னிப்பு இன்னும் கொஞ்ச நேரம் நீண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அறை அதற்குப் பிறகு மைனஸ் பதினெட்டிலிருந்து அசையவில்லை. மாதம் ஒன்று கழித்து ஹீட்டர், டைமர் இரண்டும் தேவையில்லாமல் மாற்றியவை என்று அக்காவிடம் சொல்லப் போனேன். வழி முழுக்க வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னை அறைக்குக் கூட்டிப்போய், உள்பக்கச் சுவரில் புதிதாகப் பொருத்தியிருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினார். உள்ளூர் எலக்ட்ரீசியன் ஒருவரை வைத்து மாட்டியதாம். அழுத்தினால் ஷெட்டில் மணி அடிக்கும்.

"அழுத்திப் பாருங் தம்பி. நல்லாருக்குதான்னு நீங்கதான சொல்லோணும்" என்றார்.

அழுத்தினேன். ஆறு பேரும் தேங்காய்த் துருவல் அப்பிய கைகளோடு ஓடி வந்து கதவை அகலத் திறந்தார்கள். பக்கத்திலேயே அக்கா நிற்பதை அவர்கள் கவனிக்கவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்கள். ஹீட்டர், டைமர் பற்றி நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.