மேஜையில் கிடந்த நீலச் சட்டை

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு மணக்கும் கிடங்குச் சந்தில் ரஹ்மத் அக்காவின் தையல் கடை. பழைய உடுப்புகளைப் பிரித்துப் புதுசாகத் தைத்து விற்கிறார். லுங்கியும் சேலை முந்தானையும் சேர்த்துத் தைத்த சட்டை ஒன்று கொடியில் தொங்குகிறது. பார்த்ததுமே ஆசை. என் நீலச் சட்டையைக் கழற்றி மேஜைமேல் இருந்த துணிக் குவியலில் போட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் போய் கொடிச் சட்டையை மாட்டிப் பார்க்கிறேன். பொத்தான் சேரவில்லை. வெளியே வந்தால் என் சட்டைக்கு இரண்டு கையும் இல்லை.

“அக்கா, அது என்னோடது!”

கத்தரி பாதியில் நிற்கிறது.

“குவியல்ல கிடந்துச்சே தம்பி. நல்ல பழசாவும் இருந்துச்சு.”

போன தீபாவளிக்கு எடுத்த சட்டை. என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிடுகிறார்.

“சாரமில்ல, விடுங்க. ஒரு சாயா குடிங்க, இப்ப சரியாக்கித் தர்றேன்.”

சாயா தீர்வதற்குள் சட்டை தோள்பையாகிவிட்டது. பாக்கெட்டை மட்டும் பிரிக்காமல் பைக்கு முன்பக்கமாக விட்டிருக்கிறார்.

பொத்தான் சேராத அந்தப் புதுச் சட்டையையே வாங்கி மாட்டிக்கொண்டு எர்ணாகுளம் படகில் நிற்கிறேன். காற்று தலையைக் கலைக்கிறது. சீப்பெடுக்கக் கை நெஞ்சுக்குப் போகிறது. சீப்பு இடுப்புப் பக்கம், அதே நீலப் பாக்கெட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது.