நாயைக் கொண்டுபோய் விடச் சொன்னது நான்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் என்னைக் காட்டி, "அரியலூர்ப் பக்கம் மொதல்ல நூத்துக்கு நூறு ரிசல்ட்டு காட்டுன ஹெட்மாஸ்டர் இவருதான்" என்றார். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். கோபம் அவர்மேல் இல்லை. அந்த நூறு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம். கீழப்பழுவூர் போகும் சாலையோரம் எங்கள் உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி படித்தாள். அவளுக்கென்று நாங்கள் செய்தது ஒன்றுமில்லை. தோழிகள் வாசிக்கக் கேட்டே பாடங்களை மனத்தில் ஏற்றிக்கொள்வாள். ஊரிலிருந்து இரண்டு மைல் அவளைக் கூட்டிவந்தது ஒரு செவலை நாய். யாரும் பழக்காத நாட்டு நாய். அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைக்கு வந்ததும் அது நின்றுவிடும். லாரி போன பிறகே கால் எடுத்து வைக்கும். கேட்டுக்கு வெளியே புங்கமரத்தில் அதைக் கட்டிவிட்டு அவள் உள்ளே வருவாள். மாலை வரை அது குரைத்து நான் கேட்டதில்லை.

பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதலாம், அதற்கு விதி இருக்கிறது என்று தமிழாசிரியர் விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தார். என் கையெழுத்து மட்டும் வேண்டும். "பாக்கலாம்" என்று மேசை இழுப்பறையில் போட்டேன். கணக்கில் அவள் தேறமாட்டாள் என்று எனக்குப் பட்டது. முந்தைய வருடம் ஒரே ஒரு பையன் தோற்றதால் எனக்கு நூறு தவறியிருந்தது.

அப்போது எங்களைப் போன்ற தலைமையாசிரியர்களிடம் ஓர் அசிங்கமான வழக்கம் இருந்தது. தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை, தேர்வு எழுதுவோர் பட்டியல் போவதற்கு முன்பே கழித்துவிடுவது. 'வருகை குறைவு' என்பது அதற்குச் சுலபமான காரணம். ஆனால் இவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவள்.

பியூனைக் கூப்பிட்டு, நாயைக் கொண்டுபோய் எங்காவது விடச் சொன்னேன்.

"அது பாட்டுக்குக் கெடக்குதுங்க சார். மணி அடிச்சாக்கூட எந்திரிக்காது, அந்தப் புள்ள வந்தாத்தான் எந்திரிக்கும்."

"யோவ், நான் ஒங்கிட்ட அதுக்கு ஜாதகமா கேட்டேன்?"

அன்று மத்தியானம் சாக்கில் போட்டுப் பெரம்பலூர் போகிற லாரியில் ஏற்றிக்கொண்டு போய், அந்த ஊரையும் தாண்டி விட்டுவிட்டு வந்தான்.

சாயங்காலம் அவள் மரத்தைத் தடவிக் கயிற்றை எடுத்து, நுனி வரை விரலால் பார்த்தாள். "சார், கயிறு அறுவலைங்க. யாரோ முடிச்ச அவுத்துருக்காங்க."

"நாய்தானே, எங்கயாவது ஓடியிருக்கும்."

"அதுக்கு முடிச்சு அவுக்கத் தெரியாதுங்க சார்."

அவள் அம்மா களையெடுக்கும் வேலையை விட்டு நான்கு நாள் கூட வந்தாள். ஐந்தாம் நாள், யாராவது ஒரு பிள்ளையைத் துணைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டாள். "இது பள்ளிக்கூடமா, ஆள் அனுப்புற எடமாம்மா?" என்றேன். அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு மகள் வரவில்லை. நான் எதிர்பார்த்தது அதைத்தான். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலை வழிபாட்டுக்கு முன்னால், கேட்டில் அவள் நின்றாள். கையில் அதே கயிறு. நாய் எலும்பும் தோலுமாக இருந்தது, பின்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்தது. அவ்வளவு தூரத்தை அது எப்படிக் கடந்து வந்ததோ, தெரியாது.

"வந்துடுச்சுங்க சார்! இனிமே டெய்லி வந்துடுவேன். பரீட்சைக்கு எம்பேரு இருக்குல்லங்க?"

பட்டியல் என் மேசைமேல்தான் இருந்தது, மறுநாள்தான் தபாலில் போக வேண்டும். ஒரு வரி சேர்த்தால் போதும். விண்ணப்பமும் அதே இழுப்பறையில்தான் இருந்தது.

"ஒம் பேர அடிச்சாச்சும்மா. லிஸ்டு போயாச்சு."

அதற்குள் பியூன் மணியடிக்க என் பின்னால் வந்து நின்றான். அவனைக் கண்டதும் நாய் உறுமிக்கொண்டு பின்வாங்கியது. கயிறு விறைத்து அவள் கை இழுபட்டது.

"யாருங்க சார் அங்க?" என்றாள்.

"நாந்தான் பாப்பா, பியூனு" என்றான் அவன்.

கயிற்றின் முடிச்சை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கமாக முகத்தைத் திருப்பி, "அவரா அந்த முடிச்ச அவுத்துருக்க மாட்டாருங்க சார்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை. திரும்பி நடந்தாள். சாலையோரம் நாய் நின்றது. லாரி ஒன்று போகும்வரை நின்று, பிறகு அவளை மெதுவாகச் சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனது.

கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான். நான் பியூனைப் பார்த்து, "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற, மணிய அடி" என்றேன்.