குனிந்து பறித்த கீரை

கல்லூரி வேலியோரம் காலில் மிதிபட்ட செடியிலிருந்து அந்தப் பச்சை வாடை எழுந்ததும் எனக்குப் பசித்துவிட்டது. அதன் தாயகம் ஆப்பிரிக்கா என்கிறது தாவரப் புத்தகம். ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், பெக்கோக் ரப்பர் தோட்டத்தில், அது மரங்களுக்கடியில் தானே முளைத்து, பஞ்சுபோல விதையைப் பறக்கவிட்டு, மரவள்ளிக்கிழங்கோடு உப்பில்லாமல் வெந்து, எங்கள் வயிற்றுக்குள் போன கீரை.

ஒருநாள் அம்மாவும் நானும் பறிக்கத் தொடங்கியதுமே ஒரு ஜப்பான் சிப்பாய் வந்துவிட்டான். அவனைக் கண்டால் குனிந்து வணங்கவேண்டும். அவன் போவதற்குள் நிமிர்ந்தால் அறை விழும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான், கைகளைத் தொடையோடு ஒட்டி, முதுகை மேசைபோல் வைத்து, வகுப்பில் ஜப்பான் முறைப்படி பழகிப் பாராட்டு வாங்கிய அதே வணக்கத்தை வைத்தேன். அவனோ நின்று நிதானமாகச் சிகரெட் பற்றவைத்தான். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கு வெறும் கிழங்குதான் என்று என் வயிறு அழுதது.

அவன் போனதும் நிமிர்ந்தேன். அம்மாவின் மடி நிறையக் கீரை. அவள் முந்தானை தொங்கி மறைத்த இடத்தில் ஓர் இலைகூட மிச்சமில்லை.

“ஏண்டி, அவ்வளவு நேரம் குனிஞ்சியே, ரெண்டு கீரையைப் பறிச்சா என்ன? பள்ளிக்கூடத்துல சும்மா குனியத்தான் சொல்லித் தர்றாங்களா?” என்றாள்.