சகலைக்குக் கார் பார்த்த பெயிண்டர்

கார் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகப் பெயிண்ட் அடிப்பவர் என்பதால் சொந்தக்காரர்களுக்கும் அவர் பெயிண்டர்தான். ஊரான் காரையெல்லாம் பளபளக்க வைத்த மனுஷன் வேலைக்குப் போய்வருவது என்னவோ பஸ்ஸில். அதை ஒரு குறையாக அவர் நினைத்ததே இல்லை, மனைவியின் தங்கை புருஷன் கார் வாங்கப் போகிறான் என்று கேள்விப்படும் வரைக்கும்.

"அண்ணே, பழைய கார் ஒண்ணு வருது. நீங்க பெயிண்ட்டைப் பாத்து சரின்னு சொன்னா எடுத்துடறேன்" என்று சகலை போனில் கேட்டான்.

"அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்று வாய் சொன்னது. வயிறு வேறு சொன்னது. இவரைவிடப் பத்து வயது சின்னவன். போன வருஷம்தான் வீடு கட்டினான்.

நீல நிறக் கார். ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவருடையது. காலை வெயிலில் அந்தம்மா வீட்டு வாசலில் நின்றிருந்தது. பெயிண்டர் குனிந்து பக்கவாட்டில் கண்ணை ஓட்டினார். எங்கும் மேடுபள்ளம் இல்லை. கண்ணாடி ரப்பரை நகத்தால் நெம்பினார். அடியில் ஒரு சொட்டுப் பெயிண்ட் கூடச் சிந்தியிருக்கவில்லை. கதவுகளைத் திறந்து ஓரங்களைத் தடவினார். கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது. ஒரு குறையாவது சிக்காதா என்று இன்னொரு சுற்று வந்தார். சிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"சகலை, இடப்பக்கக் கதவு அடிவாங்கியிருக்கு. உள்ள பட்டி வெச்சு பூசி மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. விட்டுடுங்க."

சகலையின் முகம் தொங்கிப்போயிற்று. நர்ஸம்மா பக்கம் திரும்பினான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. நாங்க வர்றோம்."

நர்ஸம்மா விடுகிற ஆளா? "பன்னெண்டு வருஷமா நான் ஒருத்திதான் ஓட்டுறேன். எனக்குத் தெரியாம எப்பய்யா பட்டி வந்துது?" விறுவிறுவென்று உள்ளே போய், பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தார். "பட்டி இருந்தா காந்தம் பிடிக்காதுன்னு எனக்கும் தெரியும். வெச்சுக் காட்டுங்க."

பெயிண்டர் வைத்தார். டப்பென்று பிடித்துக்கொண்டது. நடுவில், கீழே, ஓரத்தில், எங்கே வைத்தாலும் பிடித்தது. சகலை காந்தத்தைப் பார்க்கவே இல்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், இவர் எது சொன்னாலும் நம்பிவிடுகிறவனாக. வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். காந்தத்தை எடுத்து நர்ஸம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுக்குங்க. வண்டி சுத்தமா இருக்கு. சகலை, எடுத்துடுங்க."

"என்னண்ணே, வெயில்ல கண்ணு கூசிடுச்சா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. வயிறுதான் எரிஞ்சுது."

சகலை அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம் சகலை காரோடு பட்டறைக்கு வந்தான். தூணில் உரசிப் பின்கதவில் முழ நீளக் கீறல். பார்த்ததும் பெயிண்டருக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. அதை மறைக்க இரண்டு தரம் இருமினார். பிறகு அதே நீலத்தைக் கலந்தெடுக்க அரை நாள் மெனக்கெட்டார். கீறல் இருந்த இடம் தெரியாமல் சகலை கதவைத் தடவித் தடவித் தேடியபோது, "இன்னும் கொஞ்சம் கீழ பாருங்க" என்றார். அங்கேயும் இல்லை.